பதினொன்றாம் இடத்துக்கு யார் பொறுப்பு?

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை காட்டுப்பள்ளி, அத்திப்பட்டு, எண்ணூர், திருவொற்றியூர் பக்கத்திலிருந்து. எல்லாமே சென்னையின் எஃப்சி பற்றி. எல்லாவற்றிலும் கோபம். நியாயமான கோபம்தான்.

காட்டுப்பள்ளி துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வாசகர்: அண்ணே, 2015, 2018-ன்னு ரெண்டு கோப்பையைச் சொல்லியே இன்னும் எத்தனை வருஷம் ஓட்டுறது?

ஓட்ட வேண்டாம். ஆனால் அந்த இரண்டையும் மறக்கவும் வேண்டாம். 2015 டிசம்பர் 20, ஃபதோர்டா, ஐஎஸ்எல் இறுதி ஆட்டம். 87-வது நிமிடத்தில் கோவா 2–1 என்று முன்னேறிவிட்டது. சென்னை வெள்ளத்தில் கிடந்ததால் அரையிறுதியின் சொந்த மண் ஆட்டத்தையே புனேயில் ஆடிவிட்டு வந்த அணி அது. 90-வது நிமிடத்தில் சமன், இஞ்சுரி டைமில் மெண்டோசாவின் கோல், கோப்பை நமக்கு. 2018 மார்ச் 17-ல் பெங்களூருவில் நடந்த இறுதி ஆட்டத்தில் எதிரணியின் சேத்ரிதான் முதல் கோல் போட்டார். மைல்சன் ஆல்வெஸ் இரண்டு, ரஃபேல் அகஸ்டோ ஒன்று போட்டு 3–2 என்று வென்றோம். பின்தங்கினாலும் பதறாத அணியாக இருந்தோம்.

அடுத்த சீசனிலேயே 18 ஆட்டத்தில் 9 புள்ளி, கடைசி இடம். 2020-21 முதல் தொடர்ந்து மூன்று சீசன் எட்டாம் இடம். 2024-25-ல் 13 அணிகளில் பதினொன்றாவது. கோப்பையைக் கொண்டாடியவர்களுக்குத்தான் இந்தக் கணக்கைக் கேட்கும் உரிமை அதிகம். கேளுங்கள்.

திருவொற்றியூர் கல்லூரி மாணவர்: 2024-25-ல தப்பு கோச் ஓவன் கோய்ல் மேலயா, ஆடினவங்க மேலயா சார்?

இரண்டு பக்கமும். முதல் ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள், தம்பி. 2024 செப்டம்பர் 14, புவனேஸ்வர். ஒடிசாவிடம் ஒரு கோல் பின்தங்கியிருந்தவர்கள் இடைவேளைக்குப் பிறகு மூன்று கோல் போட்டார்கள்; ஃபாரூக் சவுத்ரி இரண்டு, சீமா ஒன்று. நவம்பரில் ஜாம்ஷெட்பூருக்கே போய் 5–1. சீசனின் கடைசி ஆட்டத்தில் நேரு ஸ்டேடியத்தில் அதே ஜாம்ஷெட்பூரை 5–2. அந்த ஜாம்ஷெட்பூர் ஐந்தாம் இடம் பிடித்து அரையிறுதிவரை போனது. அதன் மேல் பத்து கோல் அடித்தவர்கள் 27 புள்ளியோடு பதினொன்றாவதாக நின்றார்கள். திறமை இல்லை என்று எப்படிச் சொல்வது? நிதானம் இல்லை.

2025 ஜனவரி 9-ம் தேதி ஆட்டம் எனக்கு இன்னும் ஆறவில்லை. மறுபடி ஒடிசா, இந்த முறை நம் மைதானம். வில்மர் ஜோர்டான் அடுத்தடுத்து இரண்டு கோல். 2–0. மூன்று புள்ளியும் கைக்கு வந்துவிட்டது. முடிவு 2–2, சமனானது இஞ்சுரி டைமில்.

இது எப்படி நடக்கிறது என்று டிவியில் தெரியாது, கேமரா பந்தைத்தான் துரத்தும். ஸ்டாண்டில் உட்காரும்போது பந்து இல்லாத பக்கத்தைப் பாருங்கள். நாம் தாக்கத் தொடங்கியதும் இரண்டு சைட் பேக்கும் நடுக்கோட்டைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பந்து பறிபோகிறது. சைட் பேக் விட்டுவந்த இடத்துக்கு எதிரணி ஒரே ஒரு நீளமான பாஸ் அடிக்கிறது. அதை மறிக்க ஸ்டாப்பர் ஓரத்துக்கு ஓடுகிறார். அவர் ஓடியதும் பெனால்டி பாக்ஸின் நடுவில் ஒரு ஆள் குறைகிறது. மிட்ஃபீல்டிலிருந்து ஒருவர் இறங்கி அந்த இடத்தில் நின்றிருக்க வேண்டும், வரவில்லை. கிராஸ் வருகிறது. இரண்டாவது போஸ்ட் பக்கம் எதிரணி ஆள் தனியாக நிற்கிறான். கோல்.

எதிராளியின் பகுதியிலேயே போய் நெருக்கிப் பந்தைப் பறிப்பது கோய்லின் பாணி. பத்துப் பேரும் சேர்ந்து நெருக்கினால் அது அருமையான ஆட்டம். 70-வது நிமிடத்துக்கு மேல் சென்னைப் புழுக்கத்தில் முன்வரிசை மட்டும் நெருக்கி, நடுவரிசை மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் நின்றால், அந்த இடைவெளியில் எதிரணி ஓய்வாகப் பாஸ் போடும். 2–0 ஆனதும் ஒரு ஃபார்வர்டை வெளியே எடுத்து, தடுத்து ஆடும் மிட்ஃபீல்டர் ஒருவரை இறக்கி, ஒரு சைட் பேக்கையாவது கீழே நிறுத்த வேண்டும். அது பயிற்சியாளர் வேலை. நின்ற இடத்தில் நிற்பது வீரர் வேலை.

எண்ணூர் வாசகர்: கோல்கீப்பரை மாத்திட்டா சரியாயிடுமா?

அதையும் பார்த்தாயிற்று. அந்த சீசனில் சமிக் மித்ராவும் ஆடினார், முகமது நவாஸும் ஆடினார். முன்னால் நிற்கும் நாலு பேர் வாரம் ஒரு விதமாக மாறினால், எந்தக் கோல்கீப்பர் யாரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நிறுத்துவார்?

அத்திப்பட்டு புதுநகர் வாசகர்: நமக்கு வர்ற ஃபாரின் பிளேயர்ஸ்தான் சரியில்லைன்னு எங்க டீக்கடையில ஒரே பேச்சு. உண்மையா?

டீக்கடையில் பாதி உண்மை பேசுகிறார்கள். 2021-22 முதல் ஐஎஸ்எல்-இல் ஒரே நேரத்தில் நாலு வெளிநாட்டு வீரர்கள்தான் களத்தில் இருக்கலாம். மீதி ஏழு பேர் இந்தியர்கள். ஆட்டத்தைத் தீர்மானிப்பது அந்த ஏழு பேர்.

நாம் கோட்டைவிட்டது அங்கேதான். லாலியன்சுவாலா சாங்டே நம்மிடம் ஆடியவர். 2022 ஜனவரியில் மும்பை சிட்டிக்குப் போனார். அடுத்த சீசனிலேயே நாட்டின் சிறந்த வீரர் விருது வாங்கினார். கேப்டனாக இருந்த அனிருத் தாபா 2023-ல் மோகன் பகானுக்குப் போனார். இவர்கள் இடத்தை நிரப்பும் இந்திய வீரர்களை நாம் வளர்த்து வைத்திருக்கவில்லை. 2025 அக்டோபரில் சூப்பர் கோப்பைக்கு வெளிநாட்டு வீரர்கள் இல்லாமலே போனபோது அது வெளிச்சத்துக்கு வந்தது: மோகன் பகானிடம் 0–2, ஈஸ்ட் பெங்காலிடம் 0–4.

காட்டுப்பள்ளிக் குப்பத்து வாசகர், மீன்பிடித் தொழில்: கோச்சை மாத்தினா டீம் மாறிடும்னு ஒவ்வொரு வருஷமும் சொல்றாங்களே?

2019 டிசம்பரில் அப்படி மாறியது உண்மை. முதல் நான்கு ஆட்டத்தில் ஒரு கோல்கூட அடிக்காத அதே வீரர்களை வைத்துக்கொண்டு, ஜான் கிரெகரிக்குப் பிறகு வந்த கோய்ல் இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனார். வால்ஸ்கிஸ் 15 கோல் அடித்தார். அந்த ஒரு சீசனின் ருசியில் கிளப் மயங்கிவிட்டது என்றே நினைக்கிறேன். கோய்லும் வால்ஸ்கிஸும் ஜாம்ஷெட்பூருக்குப் போனார்கள். 2021-22-ல் கோய்ல் அவர்களுக்கு லீக் ஷீல்டு வாங்கிக்கொடுத்தார். நமக்கு லாஸ்லோ வந்தார், பாண்டோவிச் வந்தார், நடுவில் சபீர் பாஷா பொறுப்பு பார்த்தார், பிரடாரிச் வந்தார், மறுபடி கோய்ல் வந்தார், போனார்.

உங்கள் தொழிலிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் புது ஆட்களோடு போட்டை இறக்கினால், கரை தாண்டும் முன்பே வலை சிக்கிக்கொள்ளாதா? எந்த நேரத்தில் யார் வலையை விடுவது, யார் இழுப்பது என்று பேசாமலே புரிய ஒரு பருவமாவது சேர்ந்து போயிருக்க வேண்டும்.

மணலி புதுநகர் வாசகர்: கிளிஃபர்டு மிராண்டா மேல நம்பிக்கை இருக்கா?

இருக்கிறது. 2025-ல் வந்தார். 2023-ல் இடைக்காலப் பொறுப்பிலிருந்தபோதே ஒடிசாவுக்கு சூப்பர் கோப்பை வாங்கிக் கொடுத்தவர். நாட்டுக்காக ஆடியவர் என்பதால் இந்திய வீரனின் குறையும் நிறையும் அவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாவம், அவர் வந்த நேரம் அப்படி. 2025 ஜூலையில் லீக்கையே நிறுத்திவைத்தார்கள். நம் கிளப்பும் அணியின் வேலைகளை நிறுத்தியது. அடுத்த சீசன் 2026 பிப்ரவரியில்தான் தொடங்கியது. பயிற்சியே நின்றுபோன அணியை வைத்து ஒரு பயிற்சியாளரை எடை போடக் கூடாது. இரண்டு முழு சீசன் கொடுக்க வேண்டும். எட்டாம் இடம் வந்தாலும் கொடுக்க வேண்டும்.

காட்டுப்பள்ளி, பிளஸ் டூ மாணவரின் தந்தை: என் பையன் நல்லா ஆடுவான். எங்க பக்கத்துப் பசங்களை இவங்க ஏன் எடுக்கிறதில்ல ஐயா?

வந்த கடிதங்களிலேயே இதுதான் என்னைத் தூங்கவிடாதது.

வடசென்னைக்குக் கால்பந்து புதிது இல்லை. வியாசர்பாடி முல்லை நகர்த் திடலில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கி கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. வியாசர்பாடிப் பையன் தனபால் கணேஷ் 2017-18 கோப்பை அணியின் நடுக்களத்தில் ஆடினார், இந்தியாவுக்கும் ஆடினார். வழி இருந்தது. அந்த வழியை அகலப்படுத்தாமல் விட்டார்கள்.

சென்னைப் பையன் நந்தகுமார் சேகர் ஒடிசாவோடு அதே சூப்பர் கோப்பையை வென்றார். 2023 ஆகஸ்டில் ஈஸ்ட் பெங்காலுக்காக மோகன் பகான் மேல் அவர் அடித்த ஒரே கோலில் கொல்கத்தாவே ஆடிப்போனது. சிவகங்கை மாவட்டம் கண்டனூர்ப் பையன் சிவசக்தி 2022-23-ல் லீக்கின் சிறந்த இளம் வீரர், ஆடியது பெங்களூருவுக்கு. 2018-19-ல் நாம் கடைசியாக வந்தபோது, எட்வின் வன்ஸ்பால் போன்ற உள்ளூர்ப் பையன்களையும் ஸ்பெயின்காரர் சிலரையும் வைத்துக்கொண்டு சென்னை சிட்டி எஃப்சி கோயம்புத்தூரில் ஆடி ஐ-லீக் கோப்பையே வாங்கியது. பயிற்சியாளர் அக்பர் நவாஸ் சிங்கப்பூர்க்காரர். ஆள் இல்லை என்ற சாக்கு அந்த வருடத்தோடு செல்லாததாகிவிட்டது.

உங்கள் மகன் விஷயத்துக்கு வருகிறேன். கடற்கரை மணலில் பந்து உருளாது. அதனால் அங்கே வளரும் பையன் பாஸைத் தரையோடு தட்டிவிடப் பழகமாட்டான், கொஞ்சம் தூக்கித்தான் விடுவான். தொடை வலுவாக இருக்கும், ஒருவரை ஏமாற்றித் தாண்டுவது நன்றாக வரும். புல்தரைக்கு வந்ததும் பந்து அவன் நினைத்ததைவிட வேகமாக ஓடும், ஸ்டட் வைத்த ஷூவில் கால் திரும்பாது. தேர்வுக்கு வந்த முதல் பத்து நிமிடத்தில் அவன் சுமாரான ஆட்டக்காரனாகத்தான் தெரிவான். தேர்வாளர் பேரை அடித்துவிடுவார். பதினான்கு வயதில் கூப்பிட்டு ஆறு மாதம் புல்லில் ஆடவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். இருபது வயதில் கூப்பிட்டால் வரமாட்டான். அதற்குள் துறைமுகத்திலோ அனல்மின் நிலையத்திலோ கான்ட்ராக்ட் வேலைக்குப் போயிருப்பான். தேர்வு நடத்துகிறவர்கள் மீஞ்சூருக்கும் எண்ணூருக்கும் வர வேண்டும். ஒரு நாளில் முடிக்காமல் ஒரு மாதம் பார்க்க வேண்டும். இதற்கு ஒரு வெளிநாட்டு வீரரின் சம்பளத்தில் சிறு பங்கு போதும்.

மகனை இப்போதே சென்னை லீக்கில் ஏதாவது ஒரு டிவிஷன் அணியில் சேர்த்துவிடுங்கள், ஐயா. வாரம் ஒரு முழு ஆட்டம், விசிலோடும் லைன் ரெஃப்ரியோடும். தனியாகப் பந்து தட்டுவதைவிட அது பத்து மடங்கு கற்றுக்கொடுக்கும்.

மீஞ்சூர் பள்ளி மாணவி: தமிழ்நாட்டு டீம் எதுவுமே ஜெயிக்காதா அங்கிள்?

ஜெயித்திருக்கிறது, கண்ணு. உன் அக்காக்கள் ஜெயித்தார்கள். தேசிய சீனியர் மகளிர் சாம்பியன்ஷிப்பை 2018-லும் 2023-லும் தமிழ்நாடு வாங்கியது. மதுரையின் சேது எஃப்சி 2019-ல் இந்திய மகளிர் லீக்கை வென்றது. சந்தோஷ் டிராபியை நம் ஆண்கள் இதுவரை வாங்கியதே இல்லை. ஷூவை எடுத்து வை.

காட்டுப்பள்ளி, ஷிப்ட் தொழிலாளி: ஏழரைக்கு ஆட்டம். முடிஞ்சு வீடு வந்து சேர்றதுக்குள்ள உயிர் போகுது. எப்படித்தான் வர்றது?

திருவொற்றியூர், விம்கோ நகர்க்காரர்களுக்கு மெட்ரோ வந்துவிட்டது. உங்களுக்கு இன்னும் சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி ரயில், அத்திப்பட்டு புதுநகரில் இறங்கினால் அதற்கு மேல் நண்பரின் பைக். காலை ஷிப்ட் இருக்கிறவருக்கு இது முடியாத காரியம். சனி, ஞாயிறில் சில ஆட்டங்களையாவது மாலை ஐந்து மணிக்கு வைக்கச் சொல்லி கிளப்பிடம் கேட்க வேண்டும். ரசிகர் குழுக்களான சூப்பர் மச்சான்ஸும் பி ஸ்டாண்ட் புளூஸும் சேர்ந்து கேட்டால் காதில் விழும்.

எர்ணாவூர் வாசகர்: கேரளாகிட்ட தோத்தா மட்டும் ஏன் இவ்வளவு வலிக்குது?

2024 நவம்பரில் கொச்சியில் 0–3, இரண்டே மாதத்தில் நம் மைதானத்திலேயே 1–3. நம் ஸ்டாண்டில் மஞ்சள் சட்டை குதிக்கும்போது வலிக்காதவர் ரசிகரே இல்லை.

காட்டுப்பள்ளி, கன்டெய்னர் லாரி ஓட்டுநர்: சரி, டீமை உங்க கையில கொடுத்தா யாரை இறக்குவீங்க?

பேரைச் சொன்னால் அடுத்த வாரம் ஒருவருக்குக் கால் பிசகிவிடும். எப்படித் தேர்ந்தெடுப்பேன் என்று சொல்கிறேன். பின்வரிசை நாலு பேரும் கோல்கீப்பரும் முதல் எட்டு ஆட்டத்துக்கு மாறக் கூடாது. ஒரு ஆட்டத்தில் மூன்று கோல் வாங்கினாலும் மாறக் கூடாது. நாலு வெளிநாட்டு வீரர்களில் ஒருவர் ஸ்டாப்பர், ஒருவர் தடுத்து ஆடும் மிட்ஃபீல்டர். முன்னால் இரண்டு பேர் போதும். ஒரு சைட் பேக் ஏறினால் இன்னொருவர் ஏறக் கூடாது. பெஞ்சில் இரண்டு இடம் தமிழ்நாட்டில் ஆடி வளர்ந்த, 21 வயது தாண்டாத பையன்களுக்கு. 2–0 என்று முன்னால் இருந்தாலும், 0–2 என்று பின்னால் இருந்தாலும், 75-வது நிமிடத்தில் அவர்களில் ஒருவன் உள்ளே வந்தாக வேண்டும்.