புயலுக்கே நோட்டீஸ்

வாஷிங்டன் பெருமக்களுக்கு ஒரு கும்பிடு. சூறாவளிக்கே நோட்டீஸ் கொடுக்கலாம் என்று உலகத்துக்குக் காட்டியவர்கள் நீங்கள்தான்.

2025 ஜூன் 25. அட்லாண்டிக்கில் சூறாவளிப் பருவம் தொடங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அமெரிக்க வானிலைத் துறையின் தாய்நிறுவனமான நோவா ஒரு சுற்றறிக்கை விட்டது: பாதுகாப்புத் துறையின் மூன்று வானிலைச் செயற்கைக்கோள்கள் தரும் தரவு, வருகிற 30-ஆம் தேதியோடு நிறுத்தம். அவகாசம் ஐந்தே நாள். குடித்தனக்காரரைக் காலி செய்யச் சொல்லும் வீட்டுக்காரர்கூட ஒரு மாதம் பொறுப்பார்.

செயற்கைக்கோள் பழுதா? இல்லை. அவற்றிலுள்ள நுண்ணலைக் கருவி கெட்டதா? அதுவும் இல்லை. மூன்றும் ஒழுங்காகச் சுற்றிக்கொண்டுதான் இருந்தன. இணையப் பாதுகாப்புக்கு ஆபத்தாம்!

அந்தக் கருவியின் வேலை என்ன? நள்ளிரவில் சாதாரண செயற்கைக்கோள் படத்தில் தெரிவது மேகத்தின் தலைப்பாகை மட்டும். நுண்ணலைக் கருவிதான் மேகத்தைத் துளைத்து, உள்ளே புயலின் கண் திரள்கிறதா என்று பார்த்துச் சொல்லும். கண் திரண்டால் புயல் வெறிகொள்ளப் போகிறது என்று அர்த்தம். 2023 அக்டோபர் 24 காலையில் மெக்சிகோ கரைக்கு அப்பால் சாதாரணப் புயலாக இருந்த ஓட்டிஸ், அன்று நள்ளிரவு தாண்டியதும் ஐந்தாம் வகைச் சூறாவளியாக அகாபுல்கோவில் இறங்கியது. 50-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள்.

கேட்டால், "வேறு கருவிகள் இருக்கின்றனவே" என்கிறார்கள். இருக்கின்றன. துருவக் கடல்பனியைக் கணக்கெடுக்கும் அமெரிக்க ஆய்வு மையம், ஜப்பான் செயற்கைக்கோளின் தரவுக்குத் தாவியது. சொந்த வீட்டுக் கிணற்றை மூடிவிட்டுப் பக்கத்து வீட்டில் குடத்தை நீட்டுவதற்குப் பெயர் வல்லரசு!

பழைய வழக்கம்தான். 1980-களில் அரசின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களைத் தனியார் கையில் கொடுத்து, படம் ஒன்றுக்கு 4,000 டாலருக்கு மேல் விலை வைத்தார்கள். காடு அழிவதைக் கணக்கெடுக்க நினைத்த ஏழை நாடு, காட்டை விற்றுத்தான் படம் வாங்க வேண்டும். 2008-ல் இலவசமாக்கினார்கள். விற்ற காலத்தில் நாளுக்கு நூறைத் தொடாத படங்கள், பிறகு ஆயிரக்கணக்கில் போயின. அந்தப் பாடமும் மறந்துபோனது. 2026 நிதியாண்டு பட்ஜெட்டில், கரியமில வாயுவை அளக்கும் செயற்கைக்கோளையே நிறுத்திவிடலாம் என்று முன்மொழிந்தார்கள். வாயு நிற்காது, கணக்கு நிற்கும்.

நுண்ணலைத் தரவு நிற்கப் போகிறது என்றதும் விஞ்ஞானிகள் கூச்சல் போட்டார்கள். கெடு முதலில் ஜூலை 31-க்குத் தள்ளிப்போனது. பிறகு, 2026 செப்டம்பர் வரை தருகிறோம் என்று, தரவை அனுப்பிவந்த கடற்படை இறங்கி வந்தது. ஜூனில் ஒரு வாரம்கூடப் பொறுக்காத ஆபத்து, ஜூலையில் ஓராண்டுக்கு மேல் பொறுக்கிறது!

ஓட்டிஸ் அகாபுல்கோவுக்குக் கொடுத்த அவகாசம் ஒரு நாள்கூட இல்லை. நீங்கள் கொடுத்தது ஐந்து நாள். புயலைவிட நாலு நாள் நல்லவர்கள், அவ்வளவுதான்.