பாட்டி திட்டிய வில்லன்

எங்கள் பாட்டி நம்பியாரைப் பெயர் சொல்லித் திட்ட மாட்டாள். ‘அந்தப் பாவி’ என்பாள். திரையில் அவர் கையைப் பிசைந்து, கண்ணை உருட்டி, குரலை இழுத்துப் பேச ஆரம்பித்தால் இங்கே சாபம் தொடங்கிவிடும். இத்தனைக்கும் அவள் சேலத்துக்காரி. ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் மதில் ஓரமாக நடந்து பழகியவள். உள்ளே அரிதாரம் பூசித்தான் படம் எடுக்கிறார்கள் என்பது தெரிந்தே திட்டினாள்.

1935-ல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய அந்த ஸ்டூடியோவுக்கு ஒரே ஆளைப் பல ஆளாக்கும் வித்தை கைவந்திருந்தது. 1940-ல் ‘உத்தம புத்திரன்’ எடுத்து பி.யு. சின்னப்பாவுக்கு இரட்டை வேடம் கொடுத்தார்கள். 1950-ல் வந்த ‘மந்திரி குமாரி’யில் நம்பியார் ராஜகுரு. அதே வருஷம் வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவலைப் படமாக்கிய ‘திகம்பர சாமியார்’ வந்தது. அதில் அவர்தான் கதாநாயகன், அதுவும் மாறி மாறிப் பல வேடங்களில்.

படத்துக்கு வெளியே அந்த மனிதருக்குக் குடி கிடையாது, புகை கிடையாது, சாப்பாடு சைவம். நவாப் ராஜமாணிக்கத்தின் நாடகக் கம்பெனியில் சிறுவனாகச் சேர்ந்து வளர்ந்தவர். அறுபது தடவைக்கு மேல் சபரிமலை ஏறிய குருசாமி. 2008 நவம்பர் 19 அன்று அவர் காலமானபோது ஊரெல்லாம் மாலை போட்டிருந்த கார்த்திகை மாதம். இருமுடியோடு அவர் நிற்கும் படத்தைப் பத்திரிகையில் முதன்முதலில் பார்த்த அன்று பாட்டி வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். “எத்தனை வைதிருப்பேன், இந்த மனுசன் வேலையத்தான செஞ்சிருக்காரு” என்றாள்.

இன்று அந்த ஸ்டூடியோவின் முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது. பின்னால் வீடுகள். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், ஐந்து ரோடு பக்கம், ஒரு கடன் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில் என் அத்தை மகன் வேலை பார்க்கிறான். காதில் ஹெட்செட். எதிர்முனையில் யார் என்ன கத்தினாலும், “உங்க கஷ்டம் புரியுதுங்க மேடம், ஒரு நிமிஷம் லைன்ல இருங்க” என்று வெண்ணெய் போலப் பேசுவான். ராசிபுரம் பக்கத்தில் இருக்கும் வீட்டுக்கு வந்ததும், “சாப்பிடறயா சாமி?” என்று அத்தை கேட்டால், “வந்ததுமே ஆரம்பிச்சிறாத” என்று எரிந்து விழுவான்.

அவனைக் கெட்டவன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விமானப் பணிப்பெண்களைக் கவனித்து 1983-ல் புத்தகம் எழுதிய அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்‌ஷீல்ட், சம்பளத்துக்காக முகத்தை மலர்த்தி வைத்திருப்பதும் உழைப்புதான் என்றார். நாள் முழுக்க விழுங்கிய வசவு எங்காவது வெளியே வந்தாக வேண்டும். நம்பியாருக்குக் கொடுமையே தொழிலாக இருந்தது. ஷாட் முடிந்தால் அதுவும் முடிந்தது, கழுவிவிட்டுப் போக ஒரு மேக்கப் அறையும் இருந்தது. இவனுக்கு அந்த அறை இல்லை. இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்த போனில் மேலாளரின் வாட்ஸ்அப் குழு மினுங்கிக்கொண்டே இருக்கிறது. அதை அணைத்து வைக்கும் உரிமையை இந்தப் பிள்ளைகளுக்கு யாரும் கொடுக்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

கார்த்திகை பிறந்தால் கதை வேறு. மாலை போட்ட அன்றிலிருந்து விடிகாலையில் பச்சைத் தண்ணீர் குளியல். பூஜை முடியும் வரை போனைத் தொட மாட்டான். மேலாளரே அவனை “சாமி” என்று கூப்பிடுவார், ராத்திரி எட்டு மணிக்கு மேல் தொந்தரவு செய்வதில்லை. வீட்டில் அவன் குரல் உயராது. அத்தைக்கு அந்த நாட்களில் வேலை இரட்டிப்பு, முகத்திலோ களைப்பே தெரியாது. மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றிய மறுநாளே மேலாளரிடமிருந்து போன் வந்துவிடும்.

போன வருஷம் அத்தை ஊர்க் குருசாமியிடம் போய், எத்தனை நாள் மாலையோடு இருக்கலாம் என்று விசாரித்தாள். மண்டல பூஜையோடு முடிப்பவர்களும் உண்டு, மகரஜோதி பார்த்துவிட்டுக் கழற்றுபவர்களும் உண்டு என்றார் அவர். வீட்டுக்கு வந்த கையோடு மகனிடம் சொன்னாள்: “நீ இனி ஜோதிக்கே போ சாமி. கார்த்திகை ஒண்ணாந்தேதியே மாலையைப் போட்டுக்க.”