திறமைக்கு எவ்வளவு தருவார்கள்?

(இந்த வாரம் முழுக்க ஒரே விஷயம்: கலை, விளையாட்டு, தனி ஆர்வம் ஆகியவற்றுக்காகக் கிடைக்கும் கல்லூரி உதவித்தொகை. வந்த கடிதங்களில் பாதி பெற்றோர் எழுதியவை. மீதிப் பாதி, பெற்றோர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதியவை.)

கேள்வி: "திறமை இருந்தால் உதவித்தொகை தானாகத் தேடி வரும்" என்கிறார் என் மாமனார். சரிதானா?
*ஒரு தாய், கும்பகோணம்*

உங்கள் ஊர்க் கதையையே அவருக்குச் சொல்லுங்கள். 1904-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார் ராமானுஜன். கணக்கைத் தவிர வேறு பாடத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை, உதவித்தொகை பறிபோனது. பிறகு சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா வேலை. 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. இடைப்பட்ட காலத்தில் மூளை மாறவில்லை. அச்சில் வந்த கட்டுரை, கேம்பிரிட்ஜிலிருந்து கணித அறிஞர் ஹார்டி எழுதிய கடிதம், வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கரின் பரிந்துரை என்று கையில் தாள்கள் சேர்ந்திருந்தன. திறமையை யாரும் நேரில் பார்த்துப் பணம் கொடுப்பதில்லை. அத்தாட்சியைப் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். மாமனாருக்கு என் வணக்கம்.

கேள்வி: என் மகளிடம் 11 உலக சாதனைச் சான்றிதழ்கள் இருக்கின்றன. எந்தக் கல்லூரி கேட்டாலும் கொடுக்கத் தயார்!
*பெருமைமிகு தந்தை, நாமக்கல்*

அவற்றில் எத்தனைக்குப் பதிவுக் கட்டணம் கட்டினீர்கள்? ஆயிரம் குழந்தைகள் ஒரே மைதானத்தில் ஒரே நேரத்தில் ஆடினால், சாதனை ஏற்பாடு செய்தவருடையது. தேர்வுக் குழு முதலில் பார்ப்பது சான்றிதழில் கையெழுத்திட்டவர் யார் என்பதை. பள்ளிக்கல்வித் துறை 2022 முதல் நடத்தும் கலைத் திருவிழாவில் மாநில அளவில் ஓர் இடம், அல்லது மத்திய அரசின் கலா உத்சவில் ஒரு பரிசு இருக்கிறதா? அந்த ஒரு தாளை மேலே வையுங்கள். பதினொன்றையும் வரவேற்பறையில் மாட்டுங்கள், சொந்தக்காரர்கள் பார்க்கட்டும்.

கேள்வி: மகன் மாநில அளவில் கைப்பந்து ஆடியவன். பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தால் கட்டணமும் இல்லாமல் போய்விடும்தானே?
*ஓய்வுபெற்ற நடத்துநர், தேனி*

இடம் வேறு, பணம் வேறு. தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் உண்டு; பொதுக் கலந்தாய்வுக்கு முன்பே அவற்றை நிரப்பிவிடுவார்கள். ஆனால் அது சேர்க்கைக்கான ஒதுக்கீடு. கட்டணச் சலுகையைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். நல்ல அணி வைத்திருக்கும் தனியார் கல்லூரிகள் பல, வீரர்களுக்குப் படிப்பு, விடுதி, சாப்பாடு மூன்றையும் தள்ளுபடி செய்வதுண்டு.

அங்கே போகும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். சலுகை முதல் வருடத்துக்கு மட்டுமா, நான்கு வருடத்துக்குமா? முழங்கால் அடிபட்டு ஒரு வருடம் ஆட முடியாமல் போனால் என்ன ஆகும்? பாதியில் நின்றால் கொடுத்த தொகையைத் திருப்பிக் கேட்பார்களா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். "அதெல்லாம் பாத்துக்கலாம் சார்" என்று சொன்ன பயிற்சியாளர் அடுத்த வருடம் வேறு கல்லூரியில் இருப்பார்.

இன்னொன்று: அசல் சான்றிதழ்களை லேமினேட் செய்யாதீர்கள். சரிபார்ப்பில் அவற்றின் மேல் முத்திரை குத்த வேண்டியிருக்கும்.

கேள்வி: பேத்திக்கு 17 வயது. ஆறு வயதிலிருந்து பரதம். மத்திய அரசு உதவித்தொகை உண்டாமே?
*பாட்டி, மயிலாப்பூர்*

உண்டு பாட்டி, இரண்டு வாசல்கள். முதலாவது, டெல்லியில் உள்ள கலாசார வள மற்றும் பயிற்சி மையம், அதாவது சி.சி.ஆர்.டி., நடத்தும் திறன் தேடல். 10 முதல் 14 வயதுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஆண்டுக்கு 3,600 ரூபாயும், குருவுக்குக் கட்டும் பயிற்சிக் கட்டணத்தில் ஒரு பகுதியும் கிடைக்கும். தொகை சின்னதுதான். ஆனால் ஒழுங்காகப் புதுப்பித்து வந்தால் 20 வயது அல்லது முதல் பட்டம் வரை தொடரும். கல்லூரிக்கான விண்ணப்பத்தை ஏழாம் வகுப்பிலேயே போட வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? பேத்திக்கு அந்த வாசல் மூடியாயிற்று.

இரண்டாவது, கலாசார அமைச்சகத்தின் இளம் கலைஞர் உதவித்தொகை. வயது 18 முதல் 25. மாதம் 5,000 ரூபாய், இரண்டு ஆண்டுகள். குருவிடம் குறைந்தது ஐந்து ஆண்டு கற்றிருக்க வேண்டும். குருவிடமிருந்து, கற்ற ஆண்டுகளைக் குறிப்பிட்ட கடிதத்தை இப்போதே வாங்கி வையுங்கள். பேத்திக்குத் தங்கை இருந்தால் முதல் வாசலுக்கு உடனே அனுப்புங்கள்.

கேள்வி: மகன் மிருதங்கம் வாசிப்பான். ஐ.ஐ.டி.யில் கலைக்கு இடம் கொடுக்கிறார்களாமே, இனி ஜே.இ.இ. கோச்சிங்கை நிறுத்திவிடலாமா?
*வங்கி ஊழியர், திருச்சி*

நிறுத்தாதீர்கள். சென்னை ஐ.ஐ.டி. 2024-25-இல் விளையாட்டு வீரர்களுக்கும், 2025-26-இல் கலைஞர்களுக்கும் தனிச் சேர்க்கை தொடங்கியது. ஒவ்வோர் இளநிலைப் படிப்பிலும் இரண்டு கூடுதல் இடங்கள். அதில் ஒன்று பெண்களுக்கு. ஆனால் ஜே.இ.இ. அட்வான்ஸ்டில் தேறியிருக்க வேண்டும். மிருதங்கம் அங்கேயும் பக்கவாத்தியம்தான்.

கேள்வி: மகளுக்கு இயற்பியல் என்றால் உயிர். ஆர்வத்துக்குப் பணம் தரும் திட்டம் ஏதாவது?
*ஆசிரியை, விருதுநகர்*

மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர். ஆண்டுக்கு 80,000 ரூபாய், ஐந்து ஆண்டுகள் வரை. அதில் 60,000 கையில் வரும். 20,000 கோடை விடுமுறையில் ஓர் ஆராய்ச்சியாளரிடம் போய்ச் செய்யும் திட்டப்பணிக்கு. பிளஸ் டூவில் அந்தந்த வாரியத்தின் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்திருக்க வேண்டும். கூடவே ஒரு கண்டிப்பு: பி.எஸ்சி. அல்லது ஒருங்கிணைந்த எம்.எஸ்சி.யில் அடிப்படை அறிவியல் படிக்க வேண்டும். பொறியியலில் சேர்ந்துவிட்டு "இயற்பியல் என் உயிர்" என்று எழுதினால், உடல் எங்கே இருக்கிறது என்று பார்ப்பார்கள்.

கேள்வி: அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு படிக்கிறேன். எனக்கு?
*மாணவன், அரியலூர்*

முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வை எழுது தம்பி. ஆயிரம் பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இளநிலைப் பட்டம் முடியும்வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய். அறிவிப்பு வந்ததா என்று தலைமை ஆசிரியரிடம் அடிக்கடி கேள். அலுத்துப்போயாவது சொல்லிவிடுவார்.

கேள்வி: மகன் எந்நேரமும் செல்போனில் கேம் ஆடுகிறான். அமெரிக்காவில் இதற்கும் ஸ்காலர்ஷிப் உண்டு என்று வாதாடுகிறான்.
*அம்மா, கோவை*

பொய் சொல்லவில்லை. சிகாகோவில் இருந்த ராபர்ட் மோரிஸ் பல்கலைக்கழகம் 2014-இலேயே 'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்' ஆடுகிறவர்களுக்கு உதவித்தொகை கொடுத்தது. ஆனால் அங்கே அணி உண்டு, பயிற்சியாளர் உண்டு, பயிற்சிக்கு நேரம் உண்டு. உங்கள் மகன் ஆடுவது போர்வைக்குள். ஒரு போட்டியில் ஓர் அணியோடு ஆடிய ஆதாரத்தைக் காட்டச் சொல்லுங்கள். அதுவரை வைஃபையை அணைத்து வைக்கலாம்.

கேள்வி: இடது கைக்காரர்களுக்கு உதவித்தொகை என்று வாட்ஸ்அப்பில் வந்தது. அடிச்சு விடுறாங்களா?
*இடதுகைப் பழக்கமுள்ள வாசகர், புதுச்சேரி*

வாட்ஸ்அப் எப்போதாவது உண்மையும் சொல்லும். பென்சில்வேனியாவின் ஜூனியாட்டா கல்லூரியில் பெக்லி தம்பதி பெயரில் அப்படி ஒன்று இருக்கிறது. ஆனால் அந்தக் கல்லூரி மாணவராக இருக்க வேண்டும். கை மட்டும் போதாது. ஆர்கன்சாவின் ஸ்டட்கார்ட் ஊரில் வாத்துபோல் குரலெழுப்பும் போட்டியில் ஜெயிக்கும் பள்ளி மாணவருக்கும் உண்டு. கால்ஃப் மைதானத்தில் மட்டை சுமக்கும் பிள்ளைகளுக்கு 1930 முதல் 'எவன்ஸ்' உதவித்தொகை: முழுக் கல்விக் கட்டணமும் தங்குமிடமும். வேடிக்கையாகத் தோன்றினாலும் அங்கேயும் கேட்பது வேலை செய்த பதிவு, மதிப்பெண், குடும்ப நிலை.

இதே அமெரிக்காவில் ஹார்வர்ட் உள்ளிட்ட ஐவி லீக் பல்கலைக்கழகங்கள் விளையாட்டுக்கென்று காலணா கொடுப்பதில்லை. அங்கே உதவி குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான்.

கேள்வி: விண்ணப்பக் கட்டுரையை ஏ.ஐ.யிடம் எழுதி வாங்கலாமா?
*அவசரக்காரன், சேலம்*

வாங்கலாம். நேர்காணலுக்கும் அதையே அனுப்பிவிடுங்கள். "சிறுவயது முதலே இசையின் மீது தீராத காதல்" என்று எழுதுபவர் நூறு பேர். பறைக்குத் தோல் கட்டத் தெரியும், தீயில் எவ்வளவு நேரம் காய்ச்ச வேண்டும் என்று தெரியும் என்று எழுதுபவர் ஒருவர்தான். குழு அந்த ஒருவரைத்தான் கூப்பிட்டுப் பேசும்.

கேள்வி: "தேர்வாகிவிட்டீர்கள், செயலாக்கக் கட்டணம் 2,000 அனுப்புங்கள்" என்று போன் வந்தது.
*குழம்பியவர், வேலூர்*

உதவித்தொகை உங்களுக்கு வர வேண்டியது. போன் செய்தவருக்கு வேறு தொழில்.

கேள்வி: நிஜமாகவே தேர்வாகிவிட்டேன். பணம் மட்டும் வரவில்லை. கணக்கில் ஆதார் இணைத்துவிட்டேனே!
*கல்லூரி மாணவி, தஞ்சாவூர்*

கணக்கில் ஆதார் எண்ணைச் சேர்ப்பது ஒன்று. அரசுப் பணம் வந்து சேர வேண்டிய கணக்கு இதுதான் என்று பதிவது இன்னொன்று. இரண்டாவதை 'சீடிங்' என்பார்கள். ஓர் ஆதாருக்கு ஒரே ஒரு கணக்குதான் அப்படிப் பதிவாகும். எப்போதோ திறந்து மறந்த பழைய கணக்கில் உங்கள் பணம் உட்கார்ந்திருக்கலாம். வங்கியில் அந்தச் சொல்லைச் சொல்லியே கேளுங்கள்.

கேள்வி: எனக்கு எந்தத் திறமையும் இல்லை. ஒரு பரிசும் வாங்கியதில்லை. எங்கள் ஊர் ஏரிக்குப் போய்ப் பறவை பார்ப்பேன், அவ்வளவுதான்.
*பிளஸ் ஒன் மாணவி, காஞ்சிபுரம்*

இந்த வாரத்தில் உருப்படியான கடிதம் உன்னுடையது. ஆர்வத்துக்குப் பரிசு மட்டுமே அத்தாட்சி என்று யார் சொன்னது? விடாமல் செய்ததும் அத்தாட்சிதான். என்ன பறவை, எத்தனை, எந்த நாள் என்று எழுதி வை. இ-பேர்ட் இணையதளத்தில் பதிவிட்டால் தேதியோடு நிற்கும். பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் சேர். இரண்டு வருடம் கழித்து, "எங்கள் ஏரியில் எந்தப் பறவை வருவது குறைந்தது" என்று உன்னால் சொல்ல முடியும். மாவட்டத்தில் வேறு யாருக்கும் அது தெரிந்திருக்காது. தேர்வுக் குழு கேட்கும் "ஏன் உங்களுக்கு?" என்ற கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான விடை கிடையாது.

கேள்வி: மகனுக்கு ஏழு வயது. எந்த ஆர்வத்தை வளர்த்தால் அதிக உதவித்தொகை கிடைக்கும்?
*தொலைநோக்குத் தந்தை, சென்னை*

வருமானச் சான்றிதழை நேரத்துக்கு வாங்கி வைக்கும் ஆர்வத்தை நீங்கள் வளர்த்துக்கொள்ளுங்கள். மற்ற ஆர்வத்தை அவன் பார்த்துக்கொள்வான்.