ஐந்து நிலம், ஒரே பொட்டல்

அரசுப் பள்ளிகளுக்கு 2024 நவம்பரில் 'மகிழ் முற்றம்' வந்தது. பிள்ளைகளைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழுவாகப் பிரிக்க வேண்டும், குழுக்களுக்குள் போட்டி வைக்க வேண்டும், மதிப்பெண் போட வேண்டும். சென்னையில் உட்கார்ந்து கேட்டால் அருமையான யோசனை. அருப்புக்கோட்டை தாண்டித் திருச்சுழி, நரிக்குடி என்று பஸ் போகப் போகத்தான் சிரிப்பு வரும். மருதக் குழுப் பையன் நிறைகண்மாயை எப்போது பார்த்தான் என்று அவன் அப்பத்தாவைத்தான் கேட்க வேண்டும். நெய்தல் குழுவுக்குத் தெரிந்த உப்பு போர்த்தண்ணீரில் வருகிற உப்பு. முல்லைக் குழுவுக்குக் காடு உண்டு, கரிமூட்டம் போடுகிற காடு. முல்லையும் குறிஞ்சியும் காய்ந்தால் பாலையாகும் என்கிறது சிலப்பதிகாரம். இங்கே மருதத்தையும் காய விட்டிருக்கிறோம்.

பெயர் வைப்பதில் நம்மை மிஞ்ச ஆளில்லை. 2006 ஆட்சியில் அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் வந்தது, அதில் ஊருக்கு விளையாட்டுத் திடலும் ஒரு பங்கு. 2020இல் அம்மா இளைஞர் விளையாட்டுத் திட்டம், கபடி, வாலிபால், கிரிக்கெட் என்று. 2024இல் கலைஞர் பெயரில் 33 வகைச் சாமான்களோடு ஊராட்சிதோறும் ஒரு தொகுப்பு. அண்ணா திடல் கொடுத்தார், அம்மா வலை கட்டினார், கலைஞர் மட்டை கொடுத்தார். பிள்ளைகளைக் கூட்டி வைத்து விசில் ஊதுகிற ஆளை மட்டும் யாரும் கொடுக்கவில்லை. ஆளுக்கு மாதாமாதம் சம்பளம் கொடுக்க வேண்டும். அதைவிட, ஆள்மேல் தலைவர் பெயரைப் பெயிண்டில் எழுத முடியாது.

கொடுக்கவே இல்லை என்று சொன்னால் பாவம். 2012இல் ஓவியம், தையல், கணினி, உடற்கல்வி எல்லாம் சேர்த்து 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். வாரம் மூன்று அரை நாள் வேலை, மாதம் 5,000 ரூபாய், மே மாதம் அதுவும் கிடையாது. கோடையில் உடற்கல்வி ஆசிரியருக்குப் பசிக்காது என்று நிதித் துறை ஆராய்ந்து கண்டுபிடித்திருக்கும் போல. 2021 தேர்தல் அறிக்கையில் தி.மு.க.வினர் பணி நிரந்தரம் என்றார்கள், வாக்குறுதி எண் 181. நம்பர் போட்ட வாக்குறுதி! 2023இல் 12,500 ரூபாய் என்று அறிவிப்பு வந்தது. நிரந்தரம் கேட்டுச் சென்னையில் பள்ளிக் கல்வித் துறையின் டி.பி.ஐ. வளாகத்தில் உட்கார்ந்தவர்களைப் போலீஸ் வேனில் ஏற்றிக் கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள்.

முழுநேர உடற்கல்வி ஆசிரியர் இருக்கும் பள்ளியில் மட்டும் என்ன வாழ்கிறது? இலவச சைக்கிள் வந்தால் எண்ணி இறக்குவது பி.டி. சார். பள்ளி விவரம் ஏற்றுகிற எமிஸ் பதிவுக்குப் பி.டி. சார். தலைமுடி வெட்டாத பையனைப் பிடிக்க, விழாவுக்குப் பந்தல் கட்ட, கலெக்டர் வந்தால் வரிசை நிறுத்த அவர்தான். மிச்ச நேரத்தில் அவருடைய பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கியிருப்பார். கந்துவட்டிக்காரனிடமாவது வரவுசெலவு நோட்டு உண்டு. கடன் வாங்காதீர்கள் என்று அப்போது விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்த உதயநிதி ஸ்டாலினே மேடையில் கேட்டுக்கொண்டார். பிள்ளைகள் கைதட்டினார்கள். ஆணை போடும் இடத்தில் இருப்பவர் ஏன் வேண்டுகோள் வைக்கிறார் என்று கேட்கும் வயது அவர்களுக்கு இன்னும் வரவில்லை.

திருச்சுழிக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. 1879இல் இந்த ஊரில் பிறந்த வேங்கடராமன் என்ற பையனுக்குப் படிப்பைவிடக் கால்பந்து, குஸ்தி, நீச்சல்தான் உயிர். அவன் சேர்ந்த அணி ஜெயிக்கும் என்பதால் 'தங்கக்கை' என்று பட்டப்பெயர். பிற்பாடு உலகம் அவரை ரமண மகரிஷி என்றது. இன்று இருந்தால் அந்தப் பையனைப் பத்தாம் வகுப்புச் சிறப்பு வகுப்பில் உட்கார வைத்து, 'நான் யார்' என்று கேட்பதற்கு முன்பே 'உன் மார்க் என்ன' என்று கேட்டு முடித்திருப்பார்கள்.

வெற்றிக்குப் பணம் இருக்கிறது. 2022இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட். 2024இல் தீவுத்திடலைச் சுற்றி ராத்திரியில் விளக்குப் போட்டுக் கார் ஓட்டினார்கள். அதே ஆண்டு முதலமைச்சர் கோப்பைக்கு 37 கோடி ரூபாய் பரிசு. ஓடி ஜெயித்த பிள்ளைக்குக் கொடுக்கட்டும், இன்னும்கூடக் கொடுக்கட்டும். ஆனால் 700 பேர் படிக்கும் பள்ளியிலிருந்து குறுவட்டப் போட்டிக்கு ஐம்பது பேர் போவார்களா? மீதி 650 பேருக்கு நாம் ஒதுக்கியிருக்கும் ஆட்டம் கைதட்டல். குட்டைப் பையன், மூச்சு வாங்குகிற பெண், எதில் விட்டாலும் கடைசியாக வருகிறவன், இவர்களுக்காகத்தான் பள்ளிக்குள்ளேயே வகுப்புக்கு வகுப்பு ஆட்டம் வைப்பது. தோற்கிறவனும் அடுத்த வாரம் ஆட வேண்டும், அவ்வளவுதான் அதன் இலக்கணம். கோப்பை இல்லை, போட்டோ இல்லை. அதனால் பட்ஜெட்டும் இல்லை. மேல்நிலைப் பள்ளிக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய் விளையாட்டு மானியம், தொடக்கப் பள்ளிக்கு 5,000. அந்த 700 பேருக்கு வகுத்துப் பாருங்கள், தலைக்கு 36 ரூபாய்கூட வராது.

நாங்குநேரியில் 2023இல் சக மாணவனை அரிவாளால் வெட்டினார்கள் பிள்ளைகள். நீதிபதி சந்துரு குழு அமைந்தது, அறிக்கை வந்தது, கையில் கட்டும் சாதிக் கயிற்றைப் பற்றி நாடே பேசியது. பேசி முடித்து எல்லோரும் வீட்டுக்குப் போனோம். திருச்சுழிப் பக்கத்து ஊர்களிலும் கயிற்றின் நிறம் எல்லாப் பையனுக்கும் தெரியும். மேலத்தெருப் பையனும் கீழத்தெருப் பையனும் கபடியில் கை கோத்து நின்று மூன்றாமவனின் காலைப் பிடித்து இழுப்பதற்கு, ஊரில் வேறு எந்த இடத்தில் அனுமதி இருக்கிறது? கோயில் வாசலிலா? அந்த ஒரு விளையாட்டுப் பீரியடைத்தான் இயற்கணிதத்துக்குக் கொடுத்துவிட்டோம்.

இது ஏதோ கேட்பாரற்ற வட்டாரமும் இல்லை. 1977இல் எம்.ஜி.ஆர். அருப்புக்கோட்டையில் ஜெயித்துத்தான் முதலமைச்சர் ஆனார். 2006இல் பள்ளிக் கல்வி அமைச்சரான தங்கம் தென்னரசு அப்போது அருப்புக்கோட்டை எம்.எல்.ஏ., 2023இல் திருச்சுழி எம்.எல்.ஏ.வாக நிதி அமைச்சரானார். அப்போது வருவாய்த் துறை பக்கத்துத் தொகுதியான அருப்புக்கோட்டையின் எம்.எல்.ஏ. சாத்தூர் ராமச்சந்திரனிடம். நிலம் ஒருவர் கையில், பணம் ஒருவர் கையில். ஒரு திடலுக்கு வேறென்ன வேண்டும்?

கல்வி உரிமைச் சட்டம் 2009 பள்ளிக்கு மைதானம் வேண்டும் என்கிறது. பள்ளிகள் ஆண்டுதோறும் நிரப்பும் யுடைஸ் படிவம் இன்னும் தாராளம்: மைதானம் இல்லையென்றால் பக்கத்தில் விளையாட ஏற்பாடு உண்டா என்று கேட்கும். 'உண்டு' என்று தட்டினால் தீர்ந்தது. பக்கத்து ஏற்பாடு என்பது கண்மாய்ப் பொட்டல், சீமைக் கருவேல முள்ளோடு. 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்த மரத்தை ஒழிக்கச் சொன்னது. பொக்லைன் வந்தது, போட்டோ வந்தது, தூரில் இருந்து மறுபடி துளிர்த்தது. இந்த வட்டாரத்தில் போராடாமல் பணி நிரந்தரம் வாங்கியது அது ஒன்றுதான்.