ஈறுகெட்ட மின்னஞ்சல்

பள்ளியில் படித்த இலக்கணம் முழுவதும் மறந்துபோனவர்களுக்கும் ‘ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்’ என்ற தொடர் மட்டும் மறப்பதில்லை. பொருள் போய்விடும், ஓசை நிற்கும். பல ஆண்டுகள் கழித்து அந்தத் தொடர் எனக்கு ஒருநாள் பயன்பட்டது. என் மேலாளர் அனுப்பிய மின்னஞ்சல் ‘அந்த ரிப்போர்ட் எங்கே’ என்ற மூன்று சொற்களோடு நின்றுவிட்டது. கீழே நன்றி இல்லை, வணக்கம் இல்லை, பெயர்கூட இல்லை. எதிர்மறை தெளிவாக இருந்தது, ஈறு கெட்டிருந்தது. இந்த ஆய்வு அன்று மாலை தொடங்கியது.

ஆய்வுப் பொருளை வரையறுத்துக்கொள்வது மரபு. அலுவலக மின்னஞ்சலில் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தபின், பெயருக்கு மேலே, எழுதுபவர் யோசிக்காமலும் பெறுபவர் படிக்காமலும் இடம்பெறும் சொல்லே ஈறு. ‘தேங்க்ஸ் அண்ட் ரிகார்ட்ஸ்’ அதன் தலையாய வடிவம். பெருங்குடியிலிருந்து சிறுசேரி வரை, பழைய மகாபலிபுரம் சாலையின் இரு பக்கத்துக் கண்ணாடிக் கட்டடங்களிலும் இது சொல்லப்படாமல் ஒரு வேலைநாளும் முடிவதில்லை. இதில் ‘ரிகார்ட்ஸ்’ என்பது பெயர்ச்சொல்லா வினைச்சொல்லா என்று கேட்டால், இரண்டும் இல்லை. செய்யுளில் சீர் குறையும் இடத்தில் புலவர்கள் மன், மற்று, அம்ம என்று எதையாவது வைத்து நிரப்புவார்களே, அந்த அசைநிலைதான் இது. பொருள் ஒன்றும் தராது. எடுத்துவிட்டால் மட்டும் தளை தட்டும்.

ஈறுகளை வல்லினம், மெல்லினம், இடையினம் என்று பிரிப்பதில் சிக்கல் ஏதும் இல்லை. ‘வார்ம் ரிகார்ட்ஸ்’ மெல்லினம். (கத்திரி வெயிலில் சென்னையிலிருந்து வெதுவெதுப்பான வணக்கம் அனுப்புவது முறையா என்று ஒரு நண்பர் கேட்டார். அனுப்புகிறவர் 18 டிகிரி ஏசியில் சால்வையைப் போர்த்திக்கொண்டு அமர்ந்திருக்கிறார் என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை.) ‘தேங்க்ஸ் அண்ட் ரிகார்ட்ஸ்’ இடையினம். வெறும் ‘ரிகார்ட்ஸ்’ வல்லினம். ‘சியர்ஸ்’ எந்த இனத்திலும் அடங்காது. ஆறு மாதம் லண்டனில் ஆன்சைட் இருந்துவிட்டு வந்தவர்களிடம் காணப்படும் அது, ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொண்டதும் தானாகக் குறைந்துவிடும்.

வகைப்பாட்டைவிட முக்கியமானது விதி. என் ஆய்வின் முடிவை நூற்பாவாகவே தருகிறேன்: பதவி நீள ஈறு குறுகும். இது என்னுதலிற்றோ எனின், அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர் ‘நன்றியுடனும் மிகுந்த மரியாதையுடனும் தங்கள் பதிலை எதிர்நோக்கி’ என்று முடிப்பார். மூன்றாண்டில் அது ‘தேங்க்ஸ் அண்ட் ரிகார்ட்ஸ்’ ஆகும். குழுத்தலைவரானதும் ‘ரிகார்ட்ஸ்’ ஆகும். அதற்கும் மேலே போனால் பெயரின் முதலெழுத்து மட்டும் மிஞ்சும். உச்சியில் அதுவும் இல்லை. என் மேலாளர் உச்சியில் இல்லை. அந்த மாலை மட்டும் அங்கே போய் வந்தார்.

இந்த விதிக்குச் சான்று தேடி நான் தொலைதூரம் போக வேண்டியிருக்கவில்லை. பதினோராம் திருமுறையின் முதல் பாட்டே ஒரு கடிதம்தான். பாணபத்திரருக்குப் பொருள் கொடுத்து அனுப்பும்படி, மதுரை ஆலவாய்ச் சிவனே சேரமான் பெருமாளுக்கு எழுதிய சிபாரிசுக் கடிதம். அனுப்புநர் விவரம் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. பிறகு பெறுநரின் பெருமை, வந்திருப்பவர் யார் என்ற குறிப்பு, செய்ய வேண்டிய வேலை. அவ்வளவுதான். ‘ஆவன செய்யுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்’ இல்லை, ‘தங்கள் உண்மையுள்ள’ இல்லை. சேரமான் கருவூலத்தைத் திறந்துவிட்டு நாட்டையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார் என்கிறது புராணம். ஈறில்லாத மடலுக்கு இத்தனை விரைவான பதில் அதற்குப் பிறகு பதிவாகவில்லை.

மறுமுனைக்குச் சான்று மாதவி. சிலப்பதிகாரத்தில் அவள் இரண்டு கடிதம் எழுதுகிறாள். தாழை மடலில் செம்பஞ்சுக் குழம்பு தொட்டு எழுதிய முதல் கடிதத்தைக் கோவலன் கையில் வாங்கவே மறுத்துவிடுகிறான். மதுரை போகும் வழியில் கோசிகன் கொண்டுவந்து தரும் இரண்டாம் கடிதம் அடி வீழ்ந்து தொடங்குகிறது, ‘போற்றி’ என்று முடிகிறது. எழுதியவளின் நிலை அந்த ஒரு சொல்லிலேயே தெரிகிறது. கையெழுத்துக்குப் பதில் களிமண்ணில் பதித்த கூந்தலின் முத்திரை. பிரிக்கும் முன்பே எண்ணெய் வாசம் யார் எழுதியது என்று சொல்லிவிடுகிறது. (எந்த மென்பொருளும் இந்த வசதியை இன்னும் தரவில்லை.) ஆனால் ஆய்வாளர்கள் கவனிக்க வேண்டியது அடுத்து நடப்பது. கடிதத்தைப் படித்துவிட்டுக் கோவலன், இது என் பெற்றோருக்கும் பொருந்துகிறது, அவர்களிடம் கொண்டுபோய்க் கொடு என்று அதே ஓலையைக் கோசிகனிடம் திருப்பித் தருகிறான். தமிழில் பதிவான முதல் ஃபார்வர்ட் இதுதான். காதலனுக்கு எழுதியதைக் காதலனின் அப்பாவுக்கும் அப்படியே அனுப்ப முடிந்தது என்றால், அந்த ஈறு எவ்வளவு பொதுவானதாக இருந்திருக்க வேண்டும்!

கும்பெனி காலத்துக்கு வந்தால் விதி தலைகீழாவதுபோல் தோன்றும். ஒரு மாவட்டத்தையே ஆண்ட கலெக்டர், சென்னையிலிருந்த ரெவின்யூ போர்டுக்கு எழுதும்போது ‘மிகவும் கீழ்ப்படிதலுள்ள ஊழியன்’ என்ற பொருள்பட ஆங்கிலத்தில் முடிப்பார். போர்டும் மேலே எழுதும்போது அதையே எழுதும். கோட்டையில் இருந்தவர்களும் லண்டனுக்கு அதையே எழுதினார்கள். எல்லோரும் ஊழியர்கள், எஜமானரைக் காணோம். அந்த வாசகத்தின் தமிழ்ப் பேரப்பிள்ளை நம் எல்லோர் கையிலும் ஒருமுறை தவழ்ந்திருக்கிறது: ‘இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்’. முதல் நாள் மதியம் சுவரேறிக் குதித்துப் படம் பார்க்கப் போனவன், மறுநாள் காய்ச்சல் என்று எழுதிய விடுப்புக் கடிதத்தில் அதைப் போட்டான். ஈறுக்கும் உண்மைக்கும் உள்ள உறவு அவனுக்கு ஆறாம் வகுப்பிலேயே புரிந்துவிட்டது. பின்னாளில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’ அடித்தபோது அவன் விரல் தடுமாறவில்லை. பெயர் தெரியாதவருக்கு ‘ஃபெய்த்ஃபுல்லி’, பெயர் தெரிந்தவருக்கு ‘சின்சியர்லி’ என்பது ஆங்கிலேயர் வகுத்த முறை. முகம் தெரியாதவரிடம் விசுவாசம், தெரிந்தவரிடம் நேர்மை. இரண்டையும் ஒரே ஆளிடம் காட்ட அவர்களிடம் வழி இல்லை.

‘ரிகார்ட்ஸ்’ எப்போது நுழைந்தது என்பதற்கு மின்னஞ்சலின் தோற்றத்தில் விடை கிடைக்கும் என்று நம்பினேன். 1971இல் ரே டாம்லின்சன் ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு முதல் மடலை அனுப்பினார். அதில் என்ன எழுதினோம் என்பதை அவரே மறந்துவிட்டார். ஆகவே முதல் மின்னஞ்சலில் ‘ரிகார்ட்ஸ்’ இருந்ததா என்ற கேள்வி என்றென்றைக்கும் திறந்தே கிடக்கிறது.

நூற்பாவுக்கு ஒரு புறனடையும் உண்டு: சினம் நீளவும் ஈறு குறுகும். பதவி ஏறாமலேயே ஈறு குறைந்தால் சண்டை என்று கொள்க. வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு டெஸ்டிங் குழு ஒரு தவறைச் சுட்டிக்காட்டி ‘வார்ம் ரிகார்ட்ஸ்’ என்று எழுதும். அது தவறே இல்லை, அப்படித்தான் கேட்டார்கள் என்று டெவலப்பர் ‘தேங்க்ஸ் அண்ட் ரிகார்ட்ஸ்’ போடுவார். கேட்டதற்கு ஆதாரம் கேட்டு ‘ரிகார்ட்ஸ்’ வரும். ‘ஆஸ் பெர் மை ட்ரெயில் மெயில்’ என்ற வாசகத்தோடு, இரண்டு மேலாளர்களை சிசியில் ஏற்றிக்கொண்டு, வெறும் பெயர் வரும். ஆறாவது மடலில் பெயரும் போய்விடும். ஏழாவதாக வருவது மடல் அல்ல, மீட்டிங் அழைப்பு. கூட்டத்தில் இருவரும் சிரித்துப் பேசுவார்கள். முடிந்ததும் ‘கிரேட் கால், தேங்க்ஸ் எ லாட்’ என்று அனுப்புவார்கள். ஈறு மறுபடி வளரத் தொடங்கும்.

எந்த ஈறு வேலைக்காகும் என்றும் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். பூமராங் என்ற மின்னஞ்சல் மென்பொருள் நிறுவனம் 2017இல் 3,50,000க்கும் மேற்பட்ட மடல் தொடர்களை அலசியது. ‘தேங்க்ஸ் இன் அட்வான்ஸ்’ என்று முடிந்தவற்றில் 65.7 விழுக்காட்டுக்குப் பதில் வந்திருந்தது. ‘பெஸ்ட்’ என்று முடிந்தவற்றுக்கு 51.2. அமெரிக்கர்களுக்கு இது வியப்பாக இருந்திருக்கலாம். அச்சாரம் வாங்கியவன் பின்வாங்க முடியாது என்பது நம் ஊரில் மாட்டுத் தரகருக்கும் தெரியும்.

பெயருக்குக் கீழே நீளும் வாலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இணைய நாகரிகம் குறித்து 1995இல் வெளியான ஆர்எஃப்சி 1855 என்ற ஆவணம், கையெழுத்துப் பகுதி நான்கு வரிக்கு மேல் போகாமலிருப்பது நல்லது என்கிறது. ‘ஓகே’ என்று எனக்கு வந்த ஒரு மடலின் வாலை எண்ணினேன்: 23 வரி. பட்டம், பதவி, மூன்றாம் மாடி, யாரும் பயன்படுத்தாத ஃபேக்ஸ் எண், அச்சிடும் முன் யோசியுங்கள் என்று கெஞ்சும் ஒரு பச்சை மரம், பிறகு தவறிப்போய் உங்களுக்கு வந்திருந்தால் உடனே அழித்துவிட வேண்டும், தவறினால் சட்டம் பாயும் என்ற எச்சரிக்கை. இதைப் புதுமை என்று யாரும் நினைக்க வேண்டாம். நம் கல்வெட்டுகளும் கொடை விவரத்தை முடித்து, ‘இவை இன்னான் எழுத்து’ என்று கையெழுத்திட்டு, இத்தருமத்துக்குத் தீங்கு நினைத்தவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று எச்சரிக்கின்றன. வேறுபாடு ஒன்றுதான். அந்தப் பசுவுக்கு மக்கள் பயந்தார்கள்.

வாலின் ஆபத்து எனக்குத் தெரியவந்தது களஆய்வில். எங்கள் நிறுவனத்தில் எல்லோருக்கும் ஒரே மாதிரி கையெழுத்து வேண்டும் என்று முடிவெடுத்து, ஒவ்வொரு மடலின் அடியிலும் ‘ஹேவ் எ கிரேட் டே அஹெட்!’ தானாக விழும்படி அமைத்திருந்தார்கள். அப்போது என் மேலாளரின் தந்தை தவறிவிட்டார். ரிப்போர்ட் கேட்ட அதே மேலாளர்தான். இரங்கல் எழுத உட்கார்ந்தேன். விஷயம் இரண்டு வரியில் முடிந்தது, ஈறுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. ‘நன்றி’ பொருந்தவில்லை, எதற்கு நன்றி? ‘வார்ம் ரிகார்ட்ஸ்’ போட்டுவிட்டு உடனே அழித்தேன். வெறும் ‘ரிகார்ட்ஸ்’ சண்டைக்காரன் எழுதியதுபோல் இருந்தது. ‘ஆழ்ந்த வருத்தத்துடன்’ என்பது ஏற்கெனவே முதல் வரியில் வந்துவிட்டது. கடைசியில் ஈறே வேண்டாம் என்று பெயரை மட்டும் போட்டு அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் பார்த்தேன், பெயருக்குக் கீழே, நிறுவனத்தின் நீல நிறத்தில், இனிய நாளுக்கான வாழ்த்து.

நான்கு நாள் பதில் இல்லை. ஐந்தாம் நாள் வந்தது.

‘நன்றி. காரியம் முடிந்து திங்கட்கிழமை வருகிறேன். நீங்கள் மட்டும்தான் ஈமோஜி போடாமல் எழுதியிருந்தீர்கள்.’

கீழே அவர் பெயர் முழுதாக இருந்தது, தகப்பனார் பெயரின் முதலெழுத்தோடு. அதற்கும் கீழே, ‘ஹேவ் எ கிரேட் டே அஹெட்!’