உச்சம் தொடுவார் இயல்

வெள்ளகோவில் பக்கத்துத் திருவிழா மேடைகளில் பாட வரும் பெண்கள், மேல் ஸ்தாயி எதிர்ப்படுகையில் நடந்துகொள்ளும் விதத்தால் நால்வகைப்படுவர். ஆய்வுக்களம், கடைசி வரிசைப் பிளாஸ்டிக் நாற்காலி. உடனாய்வாளர், எங்கள் அம்மாயி.

முதல்வகை இறக்குவார். பாட்டு தொடங்குமுன்பே கீபோர்டுக்காரர் காதில் ஏதோ சொல்வர். அவர் ஒரு பொத்தானை அழுத்த, பாட்டே ஒரு கட்டை இறங்கி உட்காரும். நேர்மையானவர்கள், இவர்களைப் பழிக்கலாகாது. அடுத்தவர் ஒப்படைப்பார்: உச்சம் வந்ததும் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிவிடுவர்.

மூன்றாமவர் முகத்தார். இவருள் கையேற்றுவார், புருவமேற்றுவார், குதிகாலேற்றுவார் என உட்பிரிவுகள் உண்டு. மூன்றையும் ஒருங்கே ஏற்றுவாரும் உளர். சுரம் மட்டும் ஏறாது. மிச்சத்தை எக்கோ பார்த்துக்கொள்ளும். இத்தகைய ஒருவரைப் பற்றி அம்மாயி அருளிய நூற்பா: "எட்டலே சாமி. எட்டிப் பாத்துட்டுத் திரும்பிருச்சு."

நான்காமவரே தொடுவார். இவ்விலக்கணத்துக்கு இலக்கியம் தேடித் தொலைதூரம் போகவேண்டாம். முத்தூர் வழியாகக் கொடுமுடி போனால் போதும். நாடகமேடைப் பாடகி கே.பி.சுந்தராம்பாள் 1908-இல் பிறந்த ஊர். உயரத்தை அளக்கச் சுருதிக் கணக்கு வேண்டும்: ஆண்கள் பெரும்பாலும் 1, 2 கட்டையிலும் பெண்கள் 5 கட்டையை ஒட்டியும் பாடுவது வழக்கம். 5 கட்டைப் பெண்குரலின் மேல் ஸட்ஜமம் நொடிக்கு 392 அதிர்வு, மேல் பஞ்சமம் 587. வியன்னாவில் 1791-இல் மேடையேறிய மொசார்ட்டின் 'மந்திரப் புல்லாங்குழல்' ஆபராவில் இரவரசி தொடவேண்டியதோ ஏறக்குறைய 1,397. அதைக் கட்டைக்கணக்கில் எழுதப் புகுந்தால் விறகுக்கடைதான் வைக்கவேண்டும்.

ஆனால் இரவரசிக்கும் நம் அம்மையாருக்கும் ஓர் உறவு உண்டு: மைக் இல்லாத மேடை. அங்கே முன்னால் ஒரு வாத்தியக் குழுவே முழங்கும். இங்கே ஆர்மோனியமும் மிருதங்கமும். இரண்டையும் தாண்டிக் கொட்டகையின் கடைசி ஆள் காதில் சொல் விழவேண்டும். உச்சம் அன்று அழகுக்கு மட்டுமல்ல, பிழைப்புக்கும். எதிரே நின்று பாடியவரோ எஸ்.ஜி.கிட்டப்பா, அவர் ஏறும் உயரத்துக்கு ஈடுகொடுக்காமல் தப்பமுடியாது. அவர் 1933-இல் மறைந்தபின், 1935-இன் 'நந்தனார்' படத்துக்கு அம்மையார் வாங்கிய சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அந்த உயரத்தை எந்தக் கட்டையில் அளப்பது?

'ஔவையார்' (1953), 'திருவிளையாடல்' (1965) படங்களில் குரல் மேலே போகும்போது அவர் முகத்தைப் பாருங்கள். எங்கள் பக்கத்துக் கவலை இறைப்புதான் நினைவுக்கு வரும்: எருது அதுபாட்டுக்குச் சரிவில் கீழே இறங்கும், சால் தளும்பத் தளும்ப மேலே வரும்.

இவ்வளவில் இயலை முடித்திருப்பேன். போன நோம்பிக்கு ஒரு சின்னப்பெண் பாடினாள். உச்சத்தில் குரல் பிசிறி உடைந்தது. கூட்டம் சிரித்தது, அவளும் சிரித்தாள். கீபோர்டுக்காரரிடம், "இன்னொருக்காப் போடுங்கண்ணா" என்றாள். இரண்டாந்தரம் தொட்டாள்.

"இவளெ எதுலே சேப்பே?" என்றார் அம்மாயி.

நோட்டை மூடி, முறுக்குப் பொட்டலத்தை அவரிடம் நீட்டினேன்.