பைக் கிளப்பில் சேரலாமா?

கேள்வி: அப்பாவின் பழைய யெஸ்டியைச் சரிசெய்து ஓட்டுகிறேன். நண்பர்கள் பைக் கிளப்பில் சேரச் சொல்கிறார்கள். சேரலாமா?
– வாசகர், ஸ்ரீராம்புரம், பெங்களூரு

பதில்: புல்லட்காரர் தனியாக இருந்துவிடலாம்; யெஸ்டிக்காரருக்குத் துணை அவசியம்! யெஸ்டி பைக்குகளைத் தயாரித்த மைசூர் ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1996-லேயே மூடப்பட்டுவிட்டது. அசல் பார்ட்ஸ் எங்கே கிடைக்கும், டூ-ஸ்ட்ரோக் இன்ஜினின் நாடி பிடிக்கத் தெரிந்த மெக்கானிக் யார் என்பதெல்லாம் கிளப் ஆட்களுக்குத்தான் தெரியும்.

உங்கள் ஊரிலேயே பெங்களூர் ஜாவா யெஸ்டி கிளப் இருக்கிறது. ஜூலை மாத இரண்டாம் ஞாயிறு, சர்வதேச ஜாவா தினம். அன்று அவர்கள் கூடும் இடத்துக்குப் போய் எல்லோரிடமும் பேசிப் பாருங்கள்.

எந்தக் கிளப்பானாலும், பணம் கட்டுவதற்கு முன் நந்தி மலை வரை ஒரு தடவை கூடவே போய்வாருங்கள். முன்னால் வழிகாட்ட ஒருவர், கடைசியில் யாரும் விடுபடாமல் பார்த்துக்கொள்ள அனுபவசாலி ஒருவர் இருக்கிறார்களா? ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிக்கொள்ளாமல், இடமும் வலமுமாக மாறிமாறி இடைவெளி விட்டு ஓட்டுகிறார்களா? பின்னால் உட்கார்ந்தவருக்கும் ஹெல்மெட் உண்டா? மைசூர் எக்ஸ்பிரஸ்வேயின் பிரதான பாதையில் 2023 ஆகஸ்ட் 1 முதல் பைக்குக்குத் தடை. அதை மதித்து சர்வீஸ் ரோட்டில் போகிறார்களா?

கடைசியாக ஒன்று: உங்கள் வண்டி வழியில் நின்றால், உடன் நிற்பவர்களோடு சேருங்கள். ஹாரன் அடித்துவிட்டுப் பறப்பவர்களுக்கு அங்கேயே ஒரு கும்பிடு!